ஒன்பதும் நாற்பத்தெட்டும்

மதுரை

அன்புத் தங்கை செல்விக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்கும் தொண்டை அடைத்துவிடுகிறது. சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. ரவி அத்தானும் படிக்கட்டும். அத்தைக்கும் வாசித்துக் காட்டு. அத்தைக்காகவே சில பத்திகள் எழுதியிருக்கிறேன்.

நீ அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் வரி வரியாகப் பார்த்தேன். கதிரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 3243-ஆம் இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ரத்தத்தில் 48 சதவீதம். உனக்கும் அதே இடத்தில் அதே மாற்றம், 9 சதவீதம். நீ மூன்று கேள்வி கேட்டாய். எனக்கு 9 இருக்கும்போது பிள்ளைக்கு 48 எப்படி வந்தது? லேபில் யாருடைய ரத்தத்தையாவது மாற்றிவிட்டார்களா? அவனை வயிற்றில் சுமந்தபோது நான் என்ன தப்பு செய்தேன்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உன் மனசு ஆறட்டும் என்று சொல்கிற வார்த்தையாக இதை எடுத்துக்கொள்ளாதே. அந்த டிஎன்ஏ எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்துகொண்டால் நீயே இந்த முடிவுக்கு வருவாய்.

சாப்பாட்டிலிருந்து செல்லுக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துத் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று தனியாக ஒரு குட்டி டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். அதில் 37 மரபணுக்கள். உட்கருவில் இருக்கும் பெரிய டிஎன்ஏ, ஒவ்வொரு செல்லிலும் அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று என்று இரண்டே பிரதி. இந்தக் குட்டி வளையமோ ஒரே செல்லில் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அத்தனையும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில வளையங்களில் எழுத்து மாறியிருக்கும், மற்றவற்றில் சரியாக இருக்கும். ரிப்போர்ட்டில் 'ஹெட்டிரோபிளாஸ்மி' என்று போட்டிருப்பது இந்தக் கலப்பைத்தான். கதிரின் ரத்தத்தில் நூறு வளையத்தை எடுத்தால் 48-ல் மாற்றம் இருக்கிறது, 52 நல்ல வளையம் என்று அர்த்தம்.

நல்ல வளையங்கள் போதுமான அளவு இருக்கும்வரை செல் சமாளித்துக்கொள்ளும். மாறியவை ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் ஆற்றல் பற்றாமல் போகிறது. எல்லை எங்கே என்பது உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். பொதுவாக 60 முதல் 90 சதவீதத்துக்குள் என்பார்கள். மூளை, இதயம், தசை, காதின் உட்பகுதி, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள் எல்லாம் ஆற்றலை நிறையக் கேட்பவை. முதலில் தடுமாறுவதும் அவையே. கதிருக்குத் திடீரென்று தலைவலி, வாந்தி, வலிப்பு வந்து ஒரு பக்கப் பார்வை மங்கியது இதனால்தான். ரத்தத்தில் 48 என்றால் மூளையிலும் 48 என்று எண்ணிவிடாதே. ஒரே உடம்பில் ரத்தத்தில் ஓர் அளவு, தசையில் ஓர் அளவு, சிறுநீரில் உதிரும் செல்களில் இன்னோர் அளவு இருக்கும்.

இப்போது உன்னுடைய 9. அது உன் ரத்தத்தின் அளவு. அதுவும் நாற்பத்தைந்து வயது ரத்தத்தின் அளவு. 3243 மாற்றத்துக்கு ஒரு குணம் உண்டு: வயது ஏற ஏற, ரத்தத்தில் அதன் பங்கு குறைந்துகொண்டே வரும். தசையில் அப்படி இறங்குவதில்லை. நீ பிறந்தபோது உன் ரத்தத்திலும் இதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். கதிருக்கு வயது பதினாறு. அவன் ரத்தத்தில் இறக்கம் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆகவே இந்த இரண்டு எண்ணையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

ஆனாலும் உனக்கும் அவனுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது. அது எங்கே உண்டானது என்பதுதான் நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். முதிர்ந்த ஒரு கருமுட்டையில் இந்த வளையங்கள் லட்சத்துக்கும் மேல். ஆனால் அந்த முட்டைக்கு ஆதியான செல்லில் எண்ணிக்கை மிகவும் சுருங்கிவிடுகிறது. பிறகு அந்தச் சிலவே பெருகிப் பெருகி லட்சமாகின்றன. குதிரில் இருக்கும் விதைநெல்லில் நூற்றுக்கு இருபது வேற்று நெல் கலந்திருக்கிறது என்று வை. அதில் ஒரு பிடி அள்ளி நாற்றங்காலில் விதைக்கிறாய். அந்தப் பிடியில் வேற்று நெல் ஐந்து விழுந்ததா, ஐம்பது விழுந்ததா என்பதைப் பொறுத்துத்தான் வயல். குதிரின் கணக்கு வயலில் அப்படியே வராது. ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக அள்ளிய ஒரு பிடி. அதனால்தான் ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கூடும், இன்னொருத்திக்குக் குறையும்.

இது ஊகம் இல்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ஹோல்ஸ்டைன் பசுக்களை வைத்து ஆராய்ந்தபோது, ஒரே தாய்வழியில் வந்த பசுக்களுக்குள் ஒருசில தலைமுறைகளிலேயே இந்த டிஎன்ஏ மாறிவிடுவதை 1982-லேயே பார்த்தார்கள். 1996-ல் கனடாவில் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு, பெண் எலியின் ஆதி முட்டைச் செல்கள் பெருகும் கட்டத்தில் தற்செயலாகவே இந்த அளவு ஏறி இறங்குகிறது என்று காட்டியது.

அந்தக் கட்டம் எப்போது வருகிறது தெரியுமா, செல்வி? ஒரு பெண்ணின் முட்டைச் செல்கள் அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. கதிராக வளர்ந்த அந்த முட்டை, நீ அம்மா வயிற்றில் இருந்தபோதே உனக்குள் உண்டாகிவிட்டது. அதில் எத்தனை வளையம் எப்படி விழுந்தது என்பதில் பெரும்பங்கு நீ பிறப்பதற்கு முன்பே முடிந்துபோனது. நீ மாசமாக இருந்தபோது வெள்ளிக்கிழமை விரதம் இருந்தது, ஏழாம் மாசம் பஸ்ஸில் ஊருக்கு வந்தது, இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியது என்று போனில் அடுக்கிக்கொண்டே போனாயே, அதில் ஒன்றுகூட இந்த 48-ஐ ஒரு புள்ளி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தப் பட்டியலை இன்றோடு விட்டுவிடு.

லேபில் மாறிவிட்டதோ என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். ரஷ்யாவின் கடைசி ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் விஷயத்திலும் இதே சந்தேகம் எழுந்தது. 1918 ஜூலையில் அவரையும் குடும்பத்தையும் யெகாடெரின்பர்க் நகரில் சுட்டுக் கொன்றார்கள். 1991-ல் அந்த ஊருக்கு வெளியே ஒரு குழியைத் தோண்டி ஒன்பது பேரின் எலும்புகளை எடுத்தார்கள். இங்கிலாந்தில் பீட்டர் கில், ரஷ்யாவின் பாவெல் இவானோவ் ஆகியோர் அவற்றிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பிரித்தார்கள். ஜாரின் மனைவியான அரசியின் அக்காள், பிரிட்டன் இளவரசர் பிலிப்புக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி. அதனால் பிலிப் ரத்தம் கொடுத்தார். அரசியோடும் மூன்று மகள்களோடும் அச்சாகப் பொருந்தியது. ஜாருக்குத் தாய்வழிச் சொந்தக்காரர்கள் இருவரின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். எல்லா இடமும் பொருந்தியது, 16169 என்ற ஓர் இடத்தைத் தவிர. சொந்தக்காரர்கள் இருவருக்கும் அங்கே டி என்ற எழுத்து. ஜாரின் எலும்பில் சி, டி இரண்டும் கலந்திருந்தன.

உடனே சந்தேகம் கிளம்பியது: வேறு யாருடைய டிஎன்ஏவோ கலந்துவிட்டது, இது ஜாரே இல்லை என்று. முடிவு காண, 1899-ல் காசநோயால் இறந்த ஜாரின் தம்பி கியோர்கியின் கல்லறையை 1994-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திறந்தார்கள். அமெரிக்க ராணுவத்தின் டிஎன்ஏ ஆய்வகத்தில் சோதித்தார்கள். தம்பிக்கும் அதே 16169-ல் அதே இரண்டு எழுத்தும் கலந்திருந்தன. கலந்த அளவு மட்டும் வேறு. சந்தேகத்தைக் கிளப்பிய அந்தக் கலப்பே 1996-ல் சாட்சியாக மாறியது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கலப்பு, வேறு அளவு. இன்னொன்றையும் கவனி. டி மட்டும் இருந்த அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவர், ஜாரின் தங்கை க்சேனியாவுக்குப் பெண்வழிக் கொள்ளுப்பேத்தி. அண்ணன்மார் இருவரிடமும் கலந்து கிடந்தது, தங்கையின் கொடியில் மூன்று தலைமுறைக்குள் ஒரே எழுத்தாகத் தெளிந்துவிட்டது. ஜாரிடம் இருந்த மாற்றம் நோய் தராத மாற்றம். ஆனால் கைமாறும் முறை ஒன்றுதான். உனக்கு 9-ம் அவனுக்கு 48-ம் வந்ததில் லேபைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை.

ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் நாற்பதுக்கும் மேல் மாற்றங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்தும் பயந்திருக்கிறாய். அது நோய்ப் பட்டியல் இல்லை. 1981-ல் கேம்பிரிட்ஜில் முதன்முதலில் முழுதாகப் படித்த மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைத்தான் இன்றும் சில திருத்தங்களோடு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அது ஐரோப்பியக் கொடியைச் சேர்ந்தது. நம் கொடி, ரிப்போர்ட்டின் மேலே போட்டிருக்கிறபடி, 'எம்'. தென்னிந்தியாவில் பெரும்பாலானவர்களுடையது அதுதான். ஆயிரக்கணக்கான வருஷமாகத் தாய்க்குப் பின் மகளாகச் சேர்ந்த வித்தியாசங்கள் அவை; எனக்கும் உனக்கும் உன் மகள் அனுவுக்கும் ஒன்றாகவே இருக்கும், ஒரு கெடுதியும் செய்யாது. நாம் கவலைப்பட வேண்டியது 3243 ஒன்றைப் பற்றி மட்டும்.

அடுத்து, அத்தை சொன்ன பேச்சு. சொந்தத்தில் கட்டினதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு என்றார்களாம். சொந்தத்தில் கட்டுவதால் கூடுகிற நோய்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. அவை உட்கருவில் இருக்கும் மரபணுக்களால் வருபவை. ஒரே மூதாதையின் பழுதான பிரதி அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வந்து சேர்ந்துவிடுவதால் வருபவை. இது அந்த வகை இல்லை. விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாவைக் கருமுட்டை தனக்குள் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடுகிறது. அப்பத்தாவின் மைட்டோகாண்ட்ரியா அப்பாவுக்கும் வந்தது, அத்தைக்கும் வந்தது. அப்பாவோடு அது நின்றுவிட்டது. பாலு அண்ணன், நான், நீ மூன்று பேருக்கும் வரவில்லை. அத்தை வழியாக அத்தானுக்கு வந்தது, அத்தானோடு நிற்கிறது. கதிருக்கும் அனுவுக்கும் வந்தது அம்மாச்சி, அம்மா, நீ என்ற கொடி. நீ அத்தை மகனைக் கட்டாமல் முன்பின் தெரியாத ஊர்க்காரரைக் கட்டியிருந்தாலும் 3243 இதே வழியில்தான் போயிருக்கும்.

சரி, அப்படியென்றால் குறை உங்கள் அம்மா கொடியில்தானே என்று அடுத்த பேச்சு வரும். அதற்கும் பதில் இருக்கிறது. உலகத்தின் பல பகுதிகளைச் சேர்ந்த, நோயில்லாத 1,085 பேரின் டிஎன்ஏவை அலசிய ஓர் ஆய்வு 2014-ல் வந்தது. பத்தில் ஒன்பது பேரிடம் எங்கேயாவது ஓர் இடத்திலாவது இந்தக் கலப்பு இருந்தது. ஐந்தில் ஒருவரிடம், நோயோடு தொடர்புள்ளது என்று ஏற்கனவே பதிவான மாற்றமே குறைந்த அளவில் இருந்தது. நம்முடைய இதே 3243, ஆஸ்திரேலியாவில் ஒரு வட்டாரத்தில் ஊர் மக்களைப் பொதுவாகச் சோதித்தபோது, ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒருவரிடம் காணப்பட்டது. பலர் தங்களிடம் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். சுத்தமான கொடி, குறையுள்ள கொடி என்று பிரிக்க இங்கே இடமே இல்லை. அத்தை கோபத்தில் பேசுகிறவர், கெட்டவர் இல்லை. பேரன்மேல் உயிர். புரிய வைத்தால் புரிந்துகொள்வார்.

அம்மாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மா எவ்வளவு மெலிந்த உடம்பு! முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை. கொஞ்ச நாளில் மாத்திரை பத்தாமல் ஊசி. நாற்பதில் காது மந்தம். குண்டாக இருப்பவர்களுக்கல்லவா வரும், இவள் திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் திமிர் என்றார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நமக்குப் பால்கோவா கிண்டிக் கொடுத்துவிட்டு ஒரு விரல் நக்காமல் பாத்திரத்தைக் கழுவி வைத்தார்.

3243-ஆம் இடத்து மாற்றத்தை, கதிருக்கு வந்ததைப் போன்ற மூளைத் தாக்குதலோடு இணைத்து 1990-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இரண்டே வருஷம் கழித்து, நெதர்லாந்தில் ஒரு பெரிய குடும்பத்தில் தாய்வழியாகத் தொடர்ந்த சர்க்கரைக்கும் காது மந்தத்துக்கும் இதே மாற்றம்தான் காரணம் என்று தெரிந்தது. மெலிந்த உடம்பில், சின்ன வயசில் சர்க்கரை, கூடவே காது மந்தம். அம்மாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. அம்மாவின் ரத்தத்தைச் சோதிக்க இனி வழியில்லை. ஆனாலும் உனக்கு இருக்கிறது என்றால் அது வந்த வழி வேறென்ன? அம்மா இனிப்புக்கு ஆசைப்பட்டு நோயை இழுத்துக்கொண்டவர் இல்லை என்று இப்போதாவது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நான் சொல்லப்போகிறேன். நீயும் சொல்.

பாலு அண்ணன் வீட்டிலும் கலக்கம். மகள் தீபாவுக்கு நிச்சயம் வைத்திருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று அண்ணி பயப்படுகிறார். அண்ணனிடம் இந்த மாற்றம் இருக்கலாம், அம்மாவின் பிள்ளைதானே. தீபாவுக்கு அண்ணன் வழியாக வராது. அவளுக்கு அண்ணியின் கொடி. இதை அண்ணியிடம் நானே நேரில் பேசிவிட்டேன். அண்ணன் தன் உடம்புக்காகச் சர்க்கரை, காது, இதயம் மூன்றையும் பார்த்துக்கொண்டால் போதும். பரிசோதிக்க வேண்டியவர்கள் நானும் என் மகள் நித்யாவும் உன் அனுவும். நானும் நித்யாவும் மாதிரி கொடுத்துவிட்டோம். என்ன வந்தாலும் உனக்குச் சொல்வேன்.

அனு விஷயத்தில் அவசரப்படாதே. இருபது வயசுப் பெண். பரிசோதிப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. கதிருக்கு 48 என்பதால் அவளுக்கும் அப்படி இருக்கும் என்று இல்லை. அவள் வேறொரு முட்டை. பரிசோதித்தால் ரத்தத்தோடு சிறுநீரிலும் பார்க்கச் சொல். 3243-க்கு ரத்தத்தைவிட அது நம்பகமானது. பின்னால் அவள் குழந்தை பெற நினைக்கும்போது கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் வழி, முட்டை தானம் எல்லாம் இருக்கின்றன. பிரிட்டனில் 2015-ல் சட்டம் இயற்றி, தாயின் உட்கரு டிஎன்ஏவை வேறொரு பெண்ணின் நல்ல மைட்டோகாண்ட்ரியா உள்ள முட்டைக்கு மாற்றும் முறையை அனுமதித்தார்கள். நியூகாசிலில் அந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்த செய்தி 2025 ஜூலையில் வெளிவந்தது. அம்மாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அனுவின் காலம் வேறு.

கதிருக்கு இதை அடியோடு நீக்கும் மருந்து இன்று இல்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பட்டினி போடாதே, காய்ச்சல், வாந்தி வந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதே, உடனே கூட்டிக்கொண்டு போ. தாக்குதல் வரும் நேரத்தில் ஆர்ஜினின் ஏற்றுவது பல இடங்களில் வழக்கம். இப்போதே டாக்டரிடம் பேசி, எந்த ஆஸ்பத்திரியில் அது கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொள். வலிப்புக்குப் புதிதாக யார் மருந்து எழுதினாலும் இது மைட்டோகாண்ட்ரியா நோய் என்பதை முதலில் சொல். வால்ப்ரோயேட்டை இந்த நோயில் தவிர்க்கவே பார்ப்பார்கள். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் காதைப் பாதிக்கக்கூடியவை. சர்க்கரை வந்தால் மெட்ஃபார்மின் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும், லாக்டிக் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி அவன் பள்ளிக்கூடப் பையிலும் அத்தான் பர்ஸிலும் வை. வருஷத்துக்கு ஒருமுறை அவனுக்கு எக்கோ, காது, கண், சர்க்கரை. உனக்கும் அதேதான். உன்னை விட்டுவிடாதே, நீயும் இதைச் சுமப்பவள்.

கதிரிடம் ஒளிக்காமல் பேசு. பதினாறு வயசுப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. அவன் என்னிடம் போனில், "பெரியம்மா, அம்மா ஏன் என்னைப் பாத்தாலே அழறாங்க?" என்று கேட்டான். நீ அவனுக்குக் கெடுதல் செய்துவிட்டதாக நினைப்பது அவனுக்கும் தெரிகிறது, செல்வி. தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று அவன் ஒரு பாரத்தைச் சுமக்க வேண்டாம். அம்மாச்சி கொடியில் வந்தது அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது, யாரும் கேட்டு வாங்கியதும் இல்லை, யாரும் வேண்டுமென்று கொடுத்ததும் இல்லை என்று அவனுக்குச் சொல். உனக்கும் அதையே சொல்லிக்கொள்.

அடுத்த வாரம் நான் அங்கே வருகிறேன். டாக்டரைப் பார்க்க நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம். கேட்க வேண்டிய கேள்விகளை இப்போதிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வை. அத்தையின் கேள்விகளையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் அக்கா